உங்கள் லொறிக்குப் பவர் ஸ்டியரிங் போட்டேன், அப்பா

அப்பா,

உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோனால் இன்னும் அந்த மணம் வருகிறது. மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டேன். டீசல் மணமும் இல்லை, கிறீஸ் மணமும் இல்லை. பவர் ஸ்டியரிங்குக்கு ஊற்றுகிற சிவப்பு எண்ணெயின் மணம். நீங்கள் இருந்தவரை நம் வளவுக்குள் வராத மணம் அது. இன்று காலை லொறியில் எண்ணெய் மட்டம் பார்த்து ஊற்றியபோது கையில் வழிந்துவிட்டது. உடனே உங்களுக்கு எழுத வேண்டும் போல இருந்தது.

கோபிப்பீர்கள் என்று தெரியும். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உங்கள் லொறிக்குப் பவர் ஸ்டியரிங் போட்டுவிட்டேன், அப்பா. நான்தான் ஓடுகிறேன். நின்ற இடத்தில் ஒரு விரலால் திருப்புகிறேன். ஒரு விரலால்!

அந்த லொறியைப் பற்றி உங்களுக்கே நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் எழுத ஆசையாக இருக்கிறது. நான் பிறப்பதற்கு முன்பே இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்திறங்கிய லொறி. பருத்த மூக்கு, உருண்டைக் கண்கள், பச்சைப் பெயின்ற். உயிலங்குளத்து நெல்லை ஆலைக்கும், பேசாலைக் கருவாட்டைச் சந்தைக்கும், ஆவணி பிறந்தால் நம் தெருச் சனத்தை மடு மாதா திருவிழாவுக்கும் கொண்டுபோனது. இடம்பெயர்ந்த காலத்தில் சில மாதம் நமக்கு வீடாகவும் இருந்தது. அதன் ஸ்டியரிங் வளையம் ஒரு பெரிய சுளகின் அகலம். கோவிலடி மூலையில் திருப்பும்போது நீங்கள் ஆசனத்திலிருந்து பாதி எழும்பி, முழு உடம்பையும் அதில் சாய்ப்பீர்கள். கழுத்து நரம்பு புடைக்கும். திரும்பி முடிந்ததும் என்னைப் பார்த்துச் சிரிப்பீர்கள். "இது என்ர சொல்லை மட்டுந்தான் கேக்கும்" என்பீர்கள். எனக்கு அப்போது ஏழு வயதோ எட்டு வயதோ. உலகத்திலேயே பலசாலி நீங்கள்தான் என்று நினைத்திருந்தேன்.

அதே வார்த்தை பிறகு எனக்கு வலித்தது. ஐஸ் ஆலையின் சின்ன லொறியைப் பல வருடம் ஓடி, கனரக வாகன லைசன்சும் எடுத்துக்கொண்டு உங்கள் முன்னால் வந்து நின்ற நாள் நினைவிருக்கிறதா? எனக்கு முப்பத்தெட்டு வயது. நீங்கள் லைசன்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். பிறகு திறப்பைத் தந்து, "கடற்கரைப் பக்கம் கொண்டுபோய் ஓடிப் பார்" என்றீர்கள். நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள். மணலில் பாதி தூரம்கூடப் போகவில்லை. மணலுக்குள் புதைந்திருந்த பனங்குற்றியில் முன்சில்லு மோதியது. ஸ்டியரிங் என் கையைப் பிடுங்கிக்கொண்டு சுழன்றது. இடது கைப் பெருவிரல் முறிந்தது.

மன்னார் ஆஸ்பத்திரிக்கு என்னை அதே லொறியில் கொண்டுபோனீர்கள். கட்டுப் போட்டு வெளியே வந்தபின் சொன்னீர்கள்: "இது உன்ர கைக்கு அடங்காத சாமான், பிள்ளை. இனிக் கேக்காத."

நான் கேட்கவில்லை. நாலு வருடம் நாம் எல்லாவற்றையும் பற்றிப் பேசினோம், அதைத் தவிர. போன மாரியில் நீங்கள் கண்ணை மூடும்போதும் அது பேசாமலே கிடந்தது.

உங்கள் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த கையோடு பிரான்சிலிருந்து தம்பி போன் எடுத்தான். ஹோட்டல் வைத்திருக்கும் ஒருவர் லொறியைக் கேட்கிறாராம். பழைய வாகனங்களில் அவருக்கு ஆசையாம். ஆனி மாதம் அந்த ஆள் வந்தும் பார்த்தார். நல்ல மனிதர்தான். ஆனால் பின்பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்க மண் நிரப்பினா வடிவான பூந்தோட்டம் வரும்" என்று சொன்னார். எஞ்சினைக் கழற்றிவிட்டு வாசலில் நிறுத்தப் போகிறாராம். அம்மா தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் நின்றவள், அதை அவரிடம் கொடுக்காமலே உள்ளே போய்விட்டாள்.

அன்று பின்னேரம் தம்பியிடம் சொன்னேன்: "ஆவணித் திருவிழா வரைக்கும் பொறு. லொறியை மடுவுக்கு நான் ஓடிக்கொண்டு போறன். ஏலாட்டி நீ சொன்னபடி குடுப்பம்."

"அக்கா, உனக்கு விசரே? அப்பாவே கஷ்டப்பட்டு ஓடினவர்."

"ஓம். அதுக்குத்தான் ஒரு வழி பாக்கப் போறன்."

வழி உப்புக்குளத்தில் இருந்தது. ரபீக் நானாவின் கராஜ். புத்தளத்தில் அகதியாக இருந்த வருடங்களில் லொறி வேலை பழகி, ஊர் திரும்பியபின் கராஜ் போட்டவர். பக்கத்துத் தெரு டிரைவர் ஒருவர் வேர்த்து விறுவிறுத்து லொறியை அங்கே கொண்டுவந்து விட்டார். நானா அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அடியில் படுத்துப் பார்த்தார். எழும்பும்போது முகம் கலியாண வீட்டுக்காரரைப் போல இருந்தது.

"போடேலும் தங்கச்சி. ஜப்பான் லொறி ஒண்டின்ர கொலமும், அதான் ஸ்டியரிங் தடி, பவர் ஸ்டியரிங் பெட்டியும் என்னட்டக் கிடக்கு. ஆனா அடியிலயிருந்து மேல வரைக்கும் எல்லாம் மாறும். பழைய கொலத்தை வெட்டித்தான் எடுக்கோணும். வெட்டினாப் பிறகு பழையபடி வேணும் எண்டு கேட்டா, என்னட்ட மருந்தில்ல."

"வெட்டுங்கோ" என்றேன். மிக இலேசாகச் சொல்லிவிட்டேன். மறுநாள் அவர் வெட்டும் மெசினைக் கையில் எடுத்தபோதுதான் நிமிர்ந்து பார்த்தேன். உங்கள் கைகள் அத்தனை வருடம் தேய்த்துப் பளபளப்பாக்கிய வளையம் அந்தத் தடியின் உச்சியில் இருந்தது.

"நில்லுங்கோ நானா" என்றேன்.

அவர் மெசினைக் கீழே வைத்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "உங்களிட்டச் சொல்லாமல் இருந்தனான். உங்கட அப்பா ரெண்டு வருசத்துக்கு முன்னம் இஞ்ச வந்தவர். இதே கேள்விதான் கேட்டவர். நான் காட்டின பெட்டியை ஒரு சணல் கயிறால அளந்து முடிச்சுப் போட்டவர். வெட்டோணும் எண்டு சொன்னன். கயிறைச் சுருட்டிப் பொக்கற்றுக்க வச்சுக்கொண்டு போட்டார். பிறகு வரேல்ல."

"தனக்கெண்டு கேட்டவரோ, எனக்கெண்டோ?"

"நானும் கேட்டனான். அப்பதான் கயிறைச் சுருட்டினவர்."

அப்பா, நான் அந்த இடத்திலேயே ஒரு ரயரின் மேல் உட்கார்ந்துவிட்டேன். அழுதேனா என்று கேட்காதீர்கள். பிறகு எழும்பி, "நான் பிடிக்கிறன், நீங்கள் வெட்டுங்கோ" என்றேன். தீப்பொறி பறந்தது. வளையம் என் கைக்கு வந்தது. நான் நினைத்ததைவிட அது எவ்வளவு இலேசு!

பழைய பெட்டியைத் திறந்தபோது ரபீக் நானா விசிலடித்தார். உள்ளே பல்லெல்லாம் தேய்ந்து கத்தி விளிம்பு போல இருந்தது. ஆட்டம் தெரியாமல் இருக்க நீங்கள் மீன் ரின்னின் தகட்டை வெட்டி இடையில் வைத்து, மேல் ஆணியை அளவுக்கு மீறி இறுக்கியிருந்தீர்கள். போதாததற்கு, பெட்டியைத் தாங்கிய இரும்பு ஒரு பக்கம் வெடித்திருந்தது.

"உங்கட அப்பா இதை ஓடேல்ல தங்கச்சி. தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலை நிமிராமலே சொன்னாள்: "கடைசி மூண்டு வருசமும் சேட்டுப் போடக் கையைத் தூக்கேலாமல் இருந்தவர். நான்தான் போட்டுவிட்டனான். உனக்குச் சொல்ல வேண்டாம் எண்டவர்."

என் கை சின்னது என்பதால் அது அடங்கவில்லை என்று இத்தனை நாள் நம்பியிருந்தேன், அப்பா. உங்கள் கைக்கும் அது அடங்கியிருக்கவில்லை. உங்கள் மேல் கோபம் வந்தது. ஒரு கோபம் போய் இன்னொரு கோபம். ஒருமுறையாவது சொல்லியிருந்தால் இருவரும் சேர்ந்தே ரபீக் நானாவிடம் போயிருக்கலாமே!

ஆனால் கோபித்துக்கொண்டிருக்க நேரம் இல்லை. அந்த மூன்று கிழமையும் வேலை அப்படி. விடிய ஐஸ் லொறி ஓட்டம் முடித்துவிட்டு நேரே கராஜுக்குப் போவேன். உங்கள் பழைய கொலம் ஒரே நீளமான இரும்புத் தடி. எங்காவது மோதினால் நேரே நெஞ்சுக்கு வரும். புதியது முழங்கை போல இரண்டு இடத்தில் மடங்குகிறது. அதில் ஒரு சின்ன நெம்பு இருக்கிறது. அதைத் தட்டினால் ஸ்டியரிங் கீழே இறங்கி வருகிறது. என் உயரத்துக்கு இறக்கிவைத்துப் பிடித்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு லொறி, நான் எவ்வளவு உயரம் என்று கேட்டு அதன்படி நடந்தது. சந்தோசத்தில் எதுவும் பொருத்தாத வெறும் கபினுக்குள் இருந்து ஹோர்ன் சத்தத்தை வாயால் போட்டேன். ரபீக் நானா அடியில் படுத்திருந்தவர், பயந்து தலையை இடித்துக்கொண்டார்.

எஞ்சினின் முன்னால் பம்ப் பூட்டி, அதைச் சுழற்ற ஒரு பெல்ட் போட்டார். பம்பிலிருந்து பெட்டிக்கு இரண்டு குழாய். சிவப்பு எண்ணெய் ஊற்றி, முன்பக்கத்தை ஜக்கில் தூக்கி, சில்லு இரண்டும் அந்தரத்தில் நிற்க, எஞ்சினை எழுப்பினோம்.

"மெல்லமா வலப்பக்கம் திருப்புங்கோ."

திருப்பினேன். பம்ப் ஒரு முனகல் முனகியது. ஸ்டியரிங் வெண்ணெய் போல வழுக்கிச் சென்றது. அப்பா, நான் கத்தியே விட்டேன். "நானா, திரும்புது! திரும்புது!"

கீழேயிருந்து நானா மெல்லச் சொன்னார்: "திரும்புது தங்கச்சி. ஆனா இடப்பக்கமெல்லோ திரும்புது."

இறங்கி ஓடிப் பார்த்தேன். உண்மைதான். வலம் திருப்பினால் சில்லு இடம் போகிறது. இடம் திருப்பினால் வலம் போகிறது. ரபீக் நானா நெற்றியில் கைவைத்து நின்றார். நான் சிரிக்கத் தொடங்கினேன். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இருவரும் லொறியின் மூக்கைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தோம். இடம் போதாதென்று பெட்டியைச் சட்டத்தின் உட்பக்கம் பூட்டியிருந்தார். அப்படிப் பூட்டினால் அதன் கை எதிர்ப்பக்கம் ஆடுமாம். வெளிப்பக்கம் கொண்டுவர பற்றரிப் பெட்டியை நகர்த்தி, புதிதாகத் தாங்கி வெட்டி ஒட்டி, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். திருவிழாவுக்கு ஒன்பது நாள் இருந்தது.

ஆறு நாளில் முடித்தார். வாகனப் பரிசோதகர் வந்து, அடியில் படுத்துப் பார்த்து, தன் கையால் ஓடியும் பார்த்துக் கையெழுத்து வைத்தார். பிறகு திறப்பை என்னிடம் தந்தார்கள்.

உப்புக்குளத்திலிருந்து பேசாலை வரை எப்படி வந்தேன் என்று எழுத எனக்குச் சொல் இல்லை. நகர எல்லை தாண்டியதும் ஒரு கழுதை, பின்னால் அதன் குட்டி, றோட்டின் நடுவில் வந்து நின்றன. முன்பென்றால் நீங்கள் தூரத்திலேயே பிறேக் மிதித்துத் திட்டத் தொடங்குவீர்கள். நான் வேகத்தைக் குறைத்து மணிக்கட்டைக் கொஞ்சம் சாய்த்தேன். அவ்வளவுதான். அந்தப் பெரிய மூக்கு ஒதுங்கிப் போய் மறுபடி தன் பாதைக்கு வந்தது. குட்டி தலையைக்கூடத் திருப்பவில்லை.

வளவுக்குள் நிறுத்தி, தம்பிக்கு வீடியோவில் காட்டினேன். நின்ற இடத்திலேயே சுட்டுவிரலால் ஸ்டியரிங்கைச் சுற்றினேன். மணலை அரைத்துக்கொண்டு முன்சில்லு திரும்புவதை அம்மா போனைப் பிடித்துக் காட்டினாள்.

"வெளியில பாத்தா அதே லொறிதானே, அக்கா?"

"அதேதான். பச்சைகூட மாறேல்ல."

"நான் வந்தா ஓடத் தருவியே?"

"லைசன்ஸ் இருக்கே?"

அவன் சிரித்த சிரிப்பில் பூந்தோட்டக் கதை முடிந்தது.

திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்னால், காலையில் புறப்பட்டோம். பின்னால் சனம், சட்டிபானை, கூடாரத் துணி, விறகு. முன்னால் என் பக்கத்தில் அம்மா, கையில் செபமாலையோடு. மன்னார்ப் பாலத்தில் சோழகக் காற்று பக்கவாட்டில் அறைந்தது. லொறி ஒரு அடிகூட அசையவில்லை. பின்னால் பெண்கள் மாதா பாட்டுத் தொடங்கினார்கள். முருங்கன் தாண்டி, மடுச் சந்தியில் திரும்பிக் காட்டு வழியில் ஏறும்போது நானும் பாடிக்கொண்டிருந்தேன்.

அங்கேதான் 'பட்' என்று ஒரு சத்தம். மறுகணம் ஸ்டியரிங் கல்லாகிவிட்டது.

நடுவழியில் வளைவு. பின்னால் ஒரு தெருவின் சனம். அந்த ஒரு நொடியில் நான் எதையும் யோசிக்கவில்லை, அப்பா. என் உடம்பு தானாக ஆசனத்திலிருந்து பாதி எழும்பியது. பெருவிரல் இரண்டும் வளையத்துக்கு வெளியே போயின. நெஞ்சைச் சாய்த்து இழுத்தேன். லொறி வளைவைச் சுற்றி வந்து ஓரத்தில் நின்றது. இத்தனை வருடம் பக்கத்து ஆசனத்தில் இருந்து பார்த்தது எங்கோ சேர்ந்திருந்திருக்கிறது. நீங்கள் தரவில்லை. நான்தான் எடுத்துவைத்திருக்கிறேன்.

இறங்கிப் பார்த்தால் பம்பின் பெல்ட் அறுந்து தொங்கியது. ரபீக் நானாவுக்குப் போன் எடுத்தேன்.

"பயப்பிடாதேங்கோ. பவர்தான் போட்டுது, ஸ்டியரிங் போகேல்ல. பெட்டி புதுசு. பாரமா இருக்கும், ஆனா ஓடேலும். நிண்ட இடத்தில திருப்பாதேங்கோ, உருளேக்க திருப்புங்கோ. மெல்லப் போங்கோ. நான் வாறன்."

அம்மா என்னைப் பார்த்தாள். "ஏலுமோ பிள்ளை? ஆரும் ஆம்பிளையளைக் கூப்பிடுவமோ?"

"ஏலும் அம்மா. ஏறுங்கோ."

மிச்சத் தூரம் முழுக்க ஊர்ந்தே போனேன். தோள் எரிந்தது, சட்டை முதுகில் ஒட்டியது. கோவில் வளவில் கூடாரம் அடிக்கும் மரத்தடியில் லொறியைப் பின்பக்கமாகச் செருக வேண்டும். ஒரு பக்கம் வேறொரு ஊர்ச் சனத்தின் கூடாரம், மறுபக்கம் தண்ணீர்ப் பீப்பா. முதல் தரம் பிழைத்தது. இரண்டாம் தரமும் பிழைத்தது. மூன்றாம் தரம் லொறி உள்ளே போய் நின்றது. எஞ்சினை நிறுத்தியபோது பின்னாலிருந்து கைதட்டல் கேட்டது. என்னால் கையைத் தூக்க முடியவில்லை. உங்கள் சட்டைப் பொத்தானை அம்மா பூட்டிவிட்டது அப்போது எனக்கு விளங்கியது, தோளாலேயே விளங்கியது. ஆனால் அப்பா, உண்மையைச் சொல்லட்டுமா? அந்த வலியிலும் எனக்குத் துள்ள வேண்டும் போல இருந்தது.

பின்னேரம் ரபீக் நானா மோட்டார்சைக்கிளில் வந்தார், தோளில் புதுப் பெல்ட்டை மாலை போலப் போட்டுக்கொண்டு. "என்ர பிழைதான் தங்கச்சி. பம்பை ஒரு நூல் சரிவாப் பூட்டிப்போட்டன்" என்றார். சரிசெய்து முடித்ததும் அம்மா அவரை விடவில்லை. புட்டும் மரக்கறிக் குழம்பும் கொடுத்துத்தான் அனுப்பினாள்.

திருநாள் பூசை முடிந்து திரும்பினோம். பேசாலையில் வீடு வீடாக எல்லோரையும் இறக்கிவிட்டேன். கடைசியில் நானும் அம்மாவும் மட்டும். வெறும் லொறி. பின்னேர வெயில். நம் ஒழுங்கைக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும். நான் திரும்பவில்லை. கை திருப்ப மறுத்துவிட்டது. தலைமன்னார் றோட்டில் நேரே விட்டேன்.

அம்மா கண் விழித்துப் பார்த்தாள். "எங்கயடி போறாய்? வீடு பின்னாலயெல்லோ போட்டுது."

"தெரியும் அம்மா. இன்னும் கொஞ்சம் ஓட ஆசையா இருக்கு."

அவள் ஏசப் போகிறாள் என்று நினைத்தேன். யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று கன்னத்தில் தெரிந்தது.

"கொப்பரும் இப்பிடித்தான். கலியாணம் முடிச்ச புதுசில, பாரம் இறக்கிப்போட்டு வீட்டுக்கு வரமாட்டார். என்னை ஏத்திக்கொண்டு றோட்டு முடியிற வரைக்கும் போவார். ஒரு வேலையும் இல்லை. ஓடுறதுக்காக ஓடினவர்."

இதை நீங்கள் எனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. அந்த லொறி உங்களுக்குப் பிழைப்பு என்றும் பிடிவாதம் என்றும்தான் நினைத்திருந்தேன். அது உங்களுக்கு ஆசையாக இருந்திருக்கிறது, அப்பா. எனக்கும் அதே ஆசை. எங்கிருந்து வந்தது என்று இனி நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

தலைமன்னாரில் றோட்டு முடிந்து கடல் தெரிந்தது. வேகத்தைக் குறைத்து, திருப்பவா என்று கேட்டேன்.

அம்மா முந்தானையால் தலையை மூடிக்கொண்டு நன்றாகச் சாய்ந்து இருந்தாள். "திருப்பு" என்றாள். "ஆனா வீட்டுக்கு மெல்லமாப் போ."